பாரையும் பாறையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் கடப்பாறைக்கு 'குரோபார்' என்ற சொல் வந்ததும், "இதுல காக்கா எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரமே எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'கடும் பாறையை உடைப்பதால் அது கடப்பாறை. தமிழன் காரணமில்லாமல் பெயர் வைக்க மாட்டான்.' படித்ததும் பெருமையாக இருந்தது. காக்கையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் எங்கே, நாம் எங்கே! இது சரிதானா? பாரை மீனுக்கும் கடப்பாறைக்கும் தொடர்பு உண்டா? கடைசியாக ஒன்று. சின்ன ர, பெரிய ற குழப்பத்தில் மகளுக்கு மதிப்பெண் போய்க்கொண்டே இருக்கிறது. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. எழுத்திலும் ஒன்றை விட்டுவிட்டால்தான் என்ன?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

மீனை முதலில் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். கொட்டிலில் நிற்பது ஆடு, பிள்ளையைப் பார்த்துச் சொல்வதும் ஆடு. எழுத்து ஒத்துப்போனால் சொந்தமாகிவிடுமா?

உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி மகளுடையதுதான். ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்கு முன்பு வெறும் 'குரோ', அதாவது காக்கை என்றே பெயர். 'பார்' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில், கல்லறையைத் திறக்கப் போகும் பாதிரியார் 'இரும்புக் காக்கை' ஒன்று கொண்டுவரச் சொல்கிறார். அலகைப் பார்த்து வந்த பெயரா, காலைப் பார்த்து வந்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஆணி பிடுங்கும் குட்டைக் கம்பியின் பிளந்த நுனி ஊரூருக்கு வேறு வேறு பிராணியாகத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு அது மான்கால், ஸ்பானியருக்கு ஆட்டுக்கால், ஜெர்மானியருக்கு மாட்டுக்கால். நம்முடையது நேர்க்கம்பி. ஒரு முனை கூர், மறுமுனை பட்டை. பிளவு இல்லாத இடத்தில் கால் எப்படித் தெரியும்? இந்தப் பெயர்களை வைத்தவர்கள் எல்லோரும் அந்தக் கம்பியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

குடும்பக் குழுச் செய்தியை எழுதியவர் பிடித்துப் பார்த்தவர் இல்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கடும் என்பதோடு பாறை சேர்ந்தால் கடும்பாறை வரும். கடப்பாறை எந்த இலக்கணத்தில் வரும்? அது போகட்டும். உடைபடுகிற பொருளின் பெயரையா உடைக்கிற கருவிக்கு வைப்பார்கள்? கோடரிக்கு விறகு என்று யாராவது பெயர் வைத்தார்களா? தமிழன் காரணமில்லாமல் பெயர் வைக்க மாட்டான் என்று மார்தட்டிவிட்டு, காரணமே இல்லாத ஒரு காரணத்தை அவன் தலையில் கட்டுகிறோம். நீங்களும் படித்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறீர்கள். பெருமைப்படும் முன் கொல்லையில் சாத்தியிருக்கும் கம்பியை எடுத்து ஒரு குழி தோண்டிப் பார்த்திருக்கலாம்.

அந்தச் சொல் பாரை. இடையின ரகரம். பாரை என்றாலே கடப்பாரைதான். மலையாளத்தில் இன்றும் பார. கூட இருந்தே குழிபறிப்பதை 'பார வைக்கிறது' என்பார்கள். கன்னடத்தில் ஹாரெ, நம் பால் அங்கே ஹாலு ஆவதுபோல, புலி ஹுலி ஆவதுபோல. தெலுங்கில் பார என்றால் மண் அள்ளும் கருவி, கட்டப்பார என்றால் கடப்பாரை. கடலைத் தாண்டினால் இலங்கைத் தமிழர் அலவாங்கு என்கிறார்கள். நெம்புகோலுக்குப் போர்த்துகீசியர் சொல்லும் 'அலவாங்கா' அது. சாவியும் ஜன்னலும் நம்மிடம் தங்கிவிட்டதுபோல அங்கே அது தங்கிவிட்டது. மலையாளியிடம் பார என்றால் கம்பி, பாற என்றால் கல். ஒன்றைச் சொன்னால் மற்றது என்று அவர் காது ஒருநாளும் ஏமாறாது.

இனி ஔவையின் நல்வழிக்கு வாருங்கள்.

வெட்டெனவை மெத்தெனவை வெல்லாவாம் வேழத்தில்
பட்டுருவும் கோல்பஞ்சில் பாயாது - நெட்டிருப்புப்
பாரைக்கு நெக்குவிடாப் பாறை பசுமரத்தின்
வேருக்கு நெக்கு விடும்.

நெட்டிருப்புப் பாரை என்றால் நீண்ட இரும்புக் கடப்பாரை. அதற்கு நெக்குவிடாத பாறை பச்சை மரத்தின் வேருக்கு நெக்குவிடும். பாரையையும் பாறையையும் கிழவி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பாருங்கள். நடுவில் இருப்பது ஒரு எழுத்து. உங்கள் யோசனைப்படி ஒன்றை எடுத்துவிட்டால் 'பாறைக்கு நெக்குவிடாப் பாறை' என்று ஆகும். கல்லுக்குக் கல் எதற்கு நெக்குவிட வேண்டும்? இன்னொன்றும் பாருங்கள். கடப்பாரைக்குப் பாறை உடையாது என்கிறாள். உடைப்பதால்தான் அந்தப் பெயர் என்கிறது உங்கள் குழு. நான் ஔவை பக்கம்.

(நெக்கு என்பது நெகிழ்வதுதான். நெக்குருகி என்று அடியார்கள் பாடுகிற அதே நெக்கு. கடவுளுக்கு முன்னால் மனம் விடுவதற்கும் வேருக்கு முன்னால் கல் விடுவதற்கும் ஒரே சொல். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.)

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினார்கள். தலைமை ஆள் ஒரு பெரியவர், குமரிப் பக்கத்துக்காரர். கடப்பாரை என்று முழுதாகச் சொல்லவே மாட்டார். "பாரைய எடு மக்கா." அவருடைய பாரையில் நடுப்பகுதி மட்டும் உள்ளங்கை பட்டுப்பட்டுக் கண்ணாடியாக வழுக்கும். நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் குத்தினேன். நாலு குத்தில் கை கொப்புளித்துவிட்டது. "இறுக்காத. தூக்கும்போது பிடி, போடும்போது விடு. எடை அது வேலையப் பாத்துக்கிடும்" என்றார். அவர் போடும்போது காதைச் சாய்த்துக்கொள்வார். மண்ணென்றால் பொத்தென்று அடங்கும். சுக்கான்கல் என்றால் கரகரக்கும். ஒருநாள் ணங் என்றது. அவர் கையிலிருந்து தோள்வரை அந்த அதிர்வு ஏறுவதை மேலேயிருந்து நான் பார்த்தேன். "பாற வந்திட்டு. பாரையக் கொண்டு மேல வை" என்றார்.

பாற, பாரை. ஒரே மூச்சில் இரண்டு. முதலாவதில் நாக்கு அழுந்தி உருண்டது, இரண்டாவதில் பட்டும் படாமல் போனது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்பளக் கணக்குக்கு என் அப்பாவிடம் கைநாட்டு வைத்தவர். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டது என்கிறீர்களே, யாருடைய பேச்சில்? உங்கள் பேச்சில், என் பேச்சில். எனக்கும் அந்த உருட்டல் வராது, ஒத்துக்கொள்கிறேன். எழுத்து தெரியாதவர் வாயில் பத்திரமாக வைத்திருந்ததை, எழுத்து தெரிந்த நாம் சுமை என்று இறக்கி வைக்கப் பார்க்கிறோம். கேட்டால் பிள்ளைகளுக்காக என்போம்.

குறளிலும் ஒரு கருவி இருக்கிறது. 'அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர் மக்கட்பண்பு இல்லா தவர்.' 997ஆம் குறள். அரம் இரும்பை ராவுவது. பெரிய றகரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள். அறம்போலும் கூர்மையர், மறம்போல்வர் என்று வரும். இரண்டு எழுத்து மாறியதும் வள்ளுவர் திட்டியவர்கள் அறவோராகவும் வீரராகவும் ஆகிவிட்டார்கள்! மகளிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள். மதிப்பெண் போனால் போகட்டும், ஆறாம் வகுப்பு மதிப்பெண்ணை யார் கேட்கப்போகிறார்கள்?

கோபமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. "காக்கா எங்கப்பா இருக்கு?" என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருப்பது பெரிய கொடுப்பினை. அவள் கேட்டதை நீங்கள் குழுவிடம் கேட்டீர்கள், பிறகு என்னிடம் கேட்டீர்கள். கம்பியிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் கொடுங்கள். ஐந்தடிப் பாரையில், நுனியிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நெம்பினால், அவள் அழுத்துவது போல ஒன்பது மடங்கு அந்தப் பக்கம் எழும். அவளால் புரட்ட முடியாத கல் புரளும். கால் மட்டும் பத்திரம்.

அந்தக் கிணறு முப்பதடியில் தண்ணீர் கண்டது. பாரை மேலே வந்த பிறகு உளியும் சம்மட்டியும் இறங்கின, பிறகு வெடி. வெடி போட்ட மறுநாள் பெரியவர் என்னைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காட்டினார். பாறைச் சுவரில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து வெள்ளையாக, ஈரமாக, சணல் நூல் தடிமனில் ஒரு வேர் தொங்கியது. மேலே இருந்த வேம்பினுடையது. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தில் 'கடப்பாறை' என்று இருப்பதை நான் திருத்தவில்லை. எத்தனை இடம் என்று மகள் எண்ணிச் சொல்லட்டும்.

அன்புடன்.