பிள்ளைகளோடு செல்லும் ஜீப்புக்கு ரோல் கேஜ் எப்படி அமைப்பது?

பழைய ஜீப் ராங்ளரின் பின் இருக்கையில் பிள்ளைகள் அமர்வார்கள், என்ன மாதிரி ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்களைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூண்டு) கட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குழாயைத் தேடும் முன் அவர்களின் தலையைப் பாருங்கள். பந்தய ஓட்டுநர் ஹெல்மெட் அணிந்திருப்பார். உங்கள் பிள்ளைக்கு அது இல்லை. வண்டி கவிழவே வேண்டாம், ஒரு பாறையில் ஏறி இறங்கும் குலுக்கலிலேயே நெற்றி இரும்பில் மோதிவிடும்.

ஆகவே, வெல்டிங்குக்கு முன் குழாய்களைத் தற்காலிகமாக நிறுத்தி, பிள்ளையைப் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தலையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். எட்டுகிற குழாயைத் தள்ளி வையுங்கள். முடியாத இடத்தில் மட்டும் பந்தய வண்டிகளுக்கான கெட்டியான நுரை உறை. விரலால் அழுத்தினாலே அமுங்கிவிடும் மென்பஞ்சு காப்பாற்றாது.

குழாய் 1.75 அங்குல விட்டம், சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் கூடவே கூடாது. மெல்லிய தரைத்தகட்டில் நேரடியாகக் குழாயை ஊன்றினால் கவிழும்போது அது தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கும். மேலும் கீழும் எஃகுத் தகடு வைத்துப் போல்ட்டால் முடுக்குங்கள். முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக் குழாய்தான் பிரதான வளைவு, அதற்குக் குறுக்குச் சட்டம் அவசியம். குழந்தை இருக்கையின் பட்டையை கேஜில் கட்டாதீர்கள். வண்டியோடு வந்த கொக்கியிலேயே மாட்டுங்கள். பிள்ளை வளர வளர, தலைக்கான இடைவெளியை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.