யாழ்ப்பாண அம்மம்மா போலக் கதைக்கும் சாட்பொட் சம்பந்தமில்லாத பதில் சொல்கிறது. எங்கே பிழை?

கேட்டவரின் பிரச்சினை சுருக்கமாக இது: பேரப்பிள்ளையோடு கதைக்கும் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவரைச் சாட்பொட்டாகச் செய்கிறார். வந்த வசனத்தில் தேட வேண்டிய சொற்களின் பட்டியல் (கீவேர்ட் பட்டியல்) ஒன்று, ஒவ்வொரு கீவேர்ட்டுக்கும் சில பதில்கள். பட்டியல் நீள நீளப் பதில்கள் மோசமாகின்றன. இன்னும் கீவேர்ட் சேர்ப்பதா, பெரிய ஏஐ மொடலுக்கு மாறுவதா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பொட் ஒவ்வொரு பதிலோடும் எந்த விதி பொருந்தியது, வந்த வசனத்தில் எந்தத் துண்டைப் பிடித்தது என்று எழுதிக் காட்டட்டும். ஒரு வரி பிரிண்ட் போதும். அதைப் பார்க்காமல் பதில்களைத் திருத்த வெளிக்கிட்டால் விடிய விடியத் திருத்தலாம்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பைதன் என்ற நிரல்மொழி படிப்பிக்கிறேன். இந்த மாதிரி பொட் ஒன்றை எல்லாரையும் செய்ய வைப்பேன். அதில் ஒரு மாணவியின் பொட்டில் வந்தது:

பிள்ளை: கறுத்தக்கொழும்பான் வாங்கிக்கொண்டு வந்தனான்.
பொட்: கொழும்பாலை எப்ப மோனை வந்தனீ? யாழ்தேவியிலையோ?

கொழும்பு, கொழும்பிலை, கொழும்பாலை எல்லாம் பிடிபட வேண்டும் என்று அவள் கீவேர்ட்டை 'கொழும்ப' என்று வெட்டி வைத்திருந்தாள். வெட்டியது சரி. வசனத்தில் எங்கே இருந்தாலும் பிடி என்று அவிழ்த்து விட்டதுதான் வினை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் கொண்டுபோய் யாழ்தேவி ரயிலில் ஏற்றிவிட்டது. இன்னொரு பொட் "நாளைக்குப் பள்ளிக்கூடம் விடுதலை" என்றதும் "தலையிடியோ ராசா? மல்லி அவிச்சுக் குடி" என்றது. விடுதலைக்குள் தலை இருக்கிறதல்லவா.

ஆகவே கீவேர்ட் சொல்லின் தொடக்கத்தில்தான் வர வேண்டும் என்று கட்டுங்கள். இங்கேதான் ஆங்கில வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் இடறுவார்கள். ரெஜெக்ஸ் என்ற எழுத்துக்கோலம் தேடும் முறையில் சொல்லெல்லைக்கு, அதாவது சொல் தொடங்கும் அல்லது முடியும் இடத்துக்கு, ஒரு குறி இருக்கிறது. தமிழுக்கு அது உதவாது. பைதனோடு வரும் வழக்கமான ரெஜெக்ஸ் நூலகம் தமிழ்ப் புள்ளியையும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகளையும் எழுத்தாகவே எண்ணாது. 'தமிழ்' என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு தரும். அதனால் 'மழை' என்று எழுதி இரண்டு பக்கமும் எல்லைக் குறி போட்டால், "மழை பெய்யுது" என்ற வசனத்தில் அது ஒருநாளும் பொருந்தாது. சொல் கண்முன்னே நிற்கும், பொட் காணவில்லை என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அந்தக் குறிக்கு ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு இவற்றை விட்டால் வேறொன்றும் தெரியாது. இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் வசனத்தை நீங்களே வெட்டிச் சொற்பட்டியலாக்குங்கள்; ஒவ்வொரு சொல்லும் கீவேர்ட்டோடு தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ரெஜெக்ஸே தேவைப்படாது.

வெட்ட முதல் யூனிகோட்டை, அதாவது எழுத்துகளைக் கணினி வைத்திருக்கும் குறியீடுகளை, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'கொ' இரண்டு விதமாக வரலாம்: ஒற்றைக் குறியீடாகவும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும். திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. பைதனில் யூனிகோட்டேட்டா என்ற நூலகத்தில் இதற்கான கட்டளை இருக்கிறது. கீவேர்ட்டுக்கும் வந்த வசனத்துக்கும் இரண்டுக்கும் அதைப் போடுங்கள்.

தொடக்கத்தைக் கட்டியும் தீராத கேஸ் இருக்கிறது. 'அப்ப' என்று வெட்டினால் அப்பாவும் வருவார், அப்பம்மாவும் வருவா, தின்னும் அப்பமும் வரும், "அப்ப நான் வாறன்" என்கிற அப்பவும் வரும். 'அப்பா' என்று முழுதாக வைத்தாலும் "அப்பாடா, சோதனை முடிஞ்சுது" என்றதற்கு "அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்கும். எனவே கீவேர்ட்டுக்குப் பிறகு மிஞ்சுகிற வால் என்ன என்று பார்க்க வேண்டும். வீட்டை, வீட்டிலை, வீட்டாலை, வீட்டுக்கு, வீட்டோடை, வீட்டின்ரை: நாங்கள் கதைக்கும் வேற்றுமை இவ்வளவுதான். இவற்றோடு உம், ஓ, ஏ, தான். இந்த வால்களில் ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் தள்ளு. வீடு 'வீட்ட' ஆவதும் மரம் 'மரத்த' ஆவதும் போன்ற மாற்றங்களுக்கு இரண்டாவது அடி ஒன்றைக் கையாலேயே எழுதிவிடுங்கள். சின்னப் பொட்டுக்கு இலக்கணப் பகுப்பாய்வு நூலகமெல்லாம் வேண்டாம். சொல்லின் கடைசியில் ஒட்டும் க், ச், த், ப்-ஐக் கழற்றிவிடலாம்; பேஸ்புக் மாதிரிச் சொற்களை மட்டும் விலக்கி வையுங்கள்.

ஏஐஎம்எல் என்ற சாட்பொட் மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் இந்தத் தலையிடி கூடும். றிச்சர்ட் வொலஸ் ஆலிஸ் பொட்டுக்காக உருவாக்கியது அது, முழுச் சொல்லையே பொருத்தும். வீட்டின் ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒவ்வொரு பட்டேர்ன் (பொருந்த வேண்டிய வசன வடிவம்) எழுத வேண்டிவரும்.

அடுத்தது எதிர்மறை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்கும். எங்களுக்கு அது வினையின் வாலுக்குள் ஒளிந்திருக்கும். 'பசிக்' என்று வைத்தால் "பசிக்குது" என்றாலும் "பசிக்கேல்லை" என்றாலும் அம்மம்மா புட்டு அவிக்கப் போய்விடுவா. ஏல்லை, இல்லை, மாட்டன், வேண்டாம் இவற்றை முதலில் பார்த்து, எதிர்மறைப் பதில்களை வேறாக வையுங்கள். பசிக்காத பிள்ளைக்கு அம்மம்மாவிடம் இன்னும் நல்ல பதில் இருக்கும்: "ஏன், வெளியிலை என்னத்தைத் திண்டிட்டு வந்தனீ?"

எழுத்துக்கூட்டலையும் ஒருக்கால் பாருங்கள். கீவேர்ட் பட்டியலை எங்கேயாவது இறக்கியிருந்தால் அதில் டீச்சர், டியூஷன், டிவி என்று இருக்கும். இங்கே பிள்ளைகள் ரீச்சர், ரியூசன், ரீவி என்று அடிப்பார்கள். எண்டு, என்டு, என்று மூன்றும் வரும். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் வேறு. எல்லாவற்றுக்கும் விதி எழுதாமல், பொருத்த முதல் ஒரு மாற்று அட்டவணையால் ஒரே வடிவமாக்குங்கள்.

ஒரே வசனத்தில் இரண்டு கீவேர்ட் வந்தால்? பட்டியலில் முதலில் இருப்பதை எடுப்பதாகத்தான் உங்கள் பொட் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜோசப் வைசன்பாம் எம்ஐடியில் எழுதி 1966இல் வெளியிட்ட எலைசா என்ற சாட்பொட்டிலேயே ஒவ்வொரு கீவேர்ட்டுக்கும் தர எண் இருந்தது. கம்பியூட்டர் என்ற சொல்லுக்கு 50, 'என்' என்பதற்கு 2. வசனத்தில் தரம் கூடியதே வெல்லும். உங்களுடையதில் சோதனை, காய்ச்சல், சண்டை எல்லாம் மேலே இருக்கட்டும். சாப்பாடு, மழை கீழே.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டியது இழப்பு. "அப்பா இல்லை" என்றால் வீட்டில் இல்லை என்றும் இருக்கலாம், உயிரோடு இல்லை என்றும் இருக்கலாம். இந்த ஊரில் இரண்டாவதை லேசாக எடுக்க முடியாது. உறவுப் பெயரோடு இல்லை வந்தால் பகிடி விடாத, இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்துகிற பதில் ஒன்று வையுங்கள்: "ம்... சொல்லு ராசா, நான் கேக்கிறன்." மோசம் போட்டார், தவறிட்டார், செத்தவீடு இவற்றுக்கும் அப்படித்தான். சாக வேணும் போல இருக்கு என்று யாராவது அடித்தால் அம்மம்மா வேடத்தைக் கழற்றிவிட்டு, இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ நேராகச் சொல்ல வேண்டும்.

சரி, குணத்துக்கு வருவோம். பொட்டின் குணம் அதிகம் தெரிகிற இடம் ஒன்றும் விளங்காதபோது சொல்கிற பதில். பாவிக்கிறவர் கூடுதலாகக் காணப்போவதும் அதைத்தான். வைசன்பாம் எலைசாவுக்கு மனநல வைத்தியர் வேடத்தைக் கொடுத்ததற்குக் காரணமே, உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் போல நடந்தாலும் அவர்மேல் யாரும் குறை காணமாட்டார்கள் என்பதுதான். அந்த வகையில் அம்மம்மா அருமையான தேர்வு. "மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை" என்பதைத் தூக்கிவிட்டு, "என்ன மோனை, காது சரியாக் கேக்கேல்லை, இன்னொருக்காச் சொல்லு" என்று போடுங்கள். "உந்தப் போனை வைச்சிட்டுச் சொல்லு" என்றும் போடலாம். ஏழெட்டு இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் சுற்றில் விடுங்கள்.

எலைசாவிடம் எடுக்க இன்னொன்று: 'என்' வந்த வசனங்களைச் சேர்த்துவைத்து, கீவேர்ட் எதுவும் பொருந்தாத நேரம் ஒன்றை எடுத்து விடும். நீங்கள் 'என்ரை'யைப் பிடியுங்கள். "என்ரை சைக்கிள் உடைஞ்சு போச்சு" என்று பிள்ளை முதலில் சொல்லியிருந்தால், பிறகு விளங்காத இடத்தில் "அது கிடக்கட்டும், உன்ரை சைக்கிள் என்ன மாதிரி?" என்று கேட்கலாம். அம்மம்மாமார் உண்மையிலேயே இப்படித்தான் கதையை மாத்துவினம்.

பிள்ளை சொன்னதைத் திருப்பிக் கேள்வியாக்கும் எலைசா வித்தை தமிழில் அப்படியே வராது. நானை நீயாக மாற்றினாலும் வினைமுற்று நானாகவே நிற்கும்: "நீ போறனோ?" படர்க்கையில் மட்டும் செய்யுங்கள். "பஸ் வரேல்லை" என்றால் வாலில் ஓ சேர்த்தால் முடிந்தது: "வரேல்லையோ?" தன்மைக்குச் செய்யத்தான் வேண்டும் என்றால் அடிக்கடி வரும் வினைகளுக்கு மட்டும் சின்ன அட்டவணை ஒன்று: போறன், போறியோ, வாறன், வாறியோ. மற்றதற்கெல்லாம் "அப்பிடியே?" போதும்.

விளிப்பிலும் உறுதியாக இருங்கள். அம்மம்மா பேரப்பிள்ளையை நீ என்பா. ஒரு பதிலில் நீ, மற்றதில் நீர், இன்னொன்றில் நீங்கள் என்று வந்தால் கீவேர்ட் எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் ஆள் மாறிவிடும். எல்லாப் பதில்களையும் ஒரே பைலில் வைத்து நீர், நீங்கள் இரண்டையும் தேடிப் பாருங்கள்.

மேலே சொன்னதெல்லாம் சரிவந்த பிறகு ஆசை இருந்தால் கோபம் என்று ஒரு எண் வையுங்கள். ஸ்டான்போர்டில் கென்னத் கோல்பி 1972இல் செய்த பாரி என்ற பொட் கோபம், பயம், சந்தேகம் மூன்றையும் எண்களாக வைத்திருந்தது. மற்றவர் கதைக்கிற விதத்தைப் பொறுத்து அவை ஏறும், இறங்கும். உங்களுக்கு ஒன்று போதும். சாப்பாடு வேண்டாம் என்றால் ஏறட்டும், "எணை அம்மம்மா" என்று கூப்பிட்டால் இறங்கட்டும். எண் கூடினால் மோனை, ராசா எல்லாம் நின்று பதில் ஒரு சொல்லாகட்டும்.