வீட்டில் ஆள் இருந்தும் முதியவர்களுக்கு அன்றாட உதவி கிடைக்காமல் போவது ஏன்?

ஆள் இருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் கைகொடுப்பது வேறு. பல வீடுகளில் பார்த்துக்கொள்பவரே முழங்கால் வலியோடு நடமாடும் வாழ்க்கைத்துணைதான்.

1963-இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் ஒருவரின் சுயசார்பை ஆறு வேலைகளை வைத்து அளந்தார்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. பெரும்பாலும் குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும், சாப்பாடு கடைசியில். மருந்து, பணம், சமையல், தொலைபேசி போன்றவற்றுக்கு 1969-இல் லாட்டன், பிராடி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் தனி அளவுகோல் தந்தார்கள். இவற்றில் எதற்காவது உதவி தேவைப்பட்டு, அது கிடைக்காமலோ போதாமலோ இருந்தால் அதுதான் நிறைவேறாத தேவை.

சிக்கல் என்னவென்றால், இது வெளியே தெரியாது. ராத்திரி கழிப்பறைக்குப் போக யாரையும் எழுப்பத் தயங்கும் பாட்டி, சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். நீர்ச்சத்து குறையும், மலச்சிக்கல் வரும், தலை சுற்றும். அப்புறம் ஒருநாள் விழுவார். "வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க" என்பார்கள். தண்ணீர்க் கதை யார் காதுக்கும் வராது.

இன்னொன்று கூச்சம். மகன் முன்னால் உடை மாற்றுவதைவிட அழுக்குச் சட்டையோடு இருப்பதே மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கடைசியாகக் குளித்தது எப்போது, பொத்தான் போட முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.