பிஸ்கட் ரின்னில் விழுந்த கேள்விகள்

எங்கள் வீட்டுத்தோட்டக் குழுவின் இந்த மாதக் கூட்டத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடியில் இருபத்தாறு பேர் வந்தார்கள். ரின்னில் விழுந்த கேள்வித் துண்டுகள் முப்பத்தொன்று, அதில் ஒன்பது கறிவேப்பிலை பற்றியவை. எல்லாவற்றுக்கும் அங்கேயே வாயால் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. காரணம் கற்பூரவள்ளி, கீழே வருகிறது. அதனால் எழுதித் தருகிறேன்.

ரீச்சர், யாழ்ப்பாணத்தில் அம்மாவின் வேலியெல்லாம் தூதுவளை. அங்கிருந்து கொண்டுவந்து மூன்று முறை நட்டேன், மூன்று முறையும் அழுகிவிட்டது. (தெஹிவளை)

பிள்ளை, செடியில் பிழையில்லை. அம்மாவின் வளவில் செம்மண், அடியில் சுண்ணக்கல். பெய்த மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு இன்னொரு சுற்று. நீங்கள் காட்டிய சாடியில் இருந்ததோ கடையில் வாங்கிய களிமண். வேர் மூச்சுவிட வழியில்லை.

மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, அதோடு இரண்டு கைப்பிடி கூட்டெரு. தும்புத்தூளை அப்படியே போட்டுவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். கட்டியை வாளியில் ஊறப்போட்டால் முதல் தண்ணீர் தேத்தண்ணிச் சாயம் போல இறங்கும், ஊற்றிவிடுங்கள். இரண்டாம் தண்ணீர் வெளிறும், அதையும் ஊற்றுங்கள். மூன்றாம் தண்ணீரை நான் விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பேன். என் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உப்புக் கரிக்காவிட்டால் சரி. சாடியைக் கூரைத்தாழ்வாரத்துக்குக் கீழே, ஆனால் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். அடியில் தட்டு வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் ஏழாம் மாடி. புதினா இலை ஓரமெல்லாம் கருகுகிறது.

கடற்காற்றின் உப்பு. பின்னேரம் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஒரு பாய் கட்டி மறைத்தால் இன்னும் நல்லது. தட்டு வைத்திருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள்.

சீனி வருத்தத்துக்குச் சிறுகுறிஞ்சா நாளுக்கு எத்தனை இலை?

எனக்குத் தெரிந்தது தாவரவியல், வைத்தியமல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் சீனி அளவு மிகக் கீழே இறங்கிவிடக்கூடும். பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் கேளுங்கள், உங்கள் டொக்டரிடமும் சொல்லுங்கள். நான் செய்து காட்டக்கூடியது ஒன்றுதான்: இலை ஒன்றை நன்றாக மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் வையுங்கள். மணல் போல இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. கூட்டத்தில் இரண்டு பொடியன்கள் இதைச் செய்துவிட்டுக் கேக் சாப்பிட முடியாமல் முழித்தார்கள்.

கறிவேப்பிலைக் கன்றில் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. கழுவினாலும் போகவில்லை. (கொட்டாஞ்சேனை)

தம்பி, எச்சம் உங்கள் கன்றைத் தின்றுகொண்டிருக்கிறது. மெல்லத் தட்டிப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டை நீட்டும், ஒரு நாற்றம் வரும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. குருவி ஏமாறட்டும் என்றுதான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும், பிறகு கண்ணில் அகப்படாது. பெரிய மரத்தில் ஐந்து புழு இருந்தால் நான் விட்டுவிடுவேன். ஒன்றரை அடிக் கன்றில் ஐந்து என்றால் மூன்று நாளில் மொட்டை. கையால் எடுங்கள். வேறு எலுமிச்சை, தோடை நிற்கிற வளவு இருந்தால் அங்கே கொண்டுபோய் விடுங்கள். மருந்து அடிக்காதீர்கள், நாளைக்குச் சொதியில் போடப்போகிற இலை அது.

கறிவேப்பிலை விதை முளைக்கவில்லை.

காய்ந்த விதை முளைக்காது. கறுத்துப் பழுத்த பழமாக எடுத்துச் சதையைக் கழுவிவிட்டு, அந்தக் கிழமையே போடுங்கள். அல்லது பெரிய மரத்தின் வேரில் வெடித்த கன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கறிவேப்பிலை ஏன் வளரவில்லை?

வெயில் காணாது. தண்ணீர் கூடிப்போனது.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றலாமா?

மோரை நீங்கள் குடியுங்கள்.

மிச்சக் கறிவேப்பிலைத் துண்டுகளைத் திரும்ப ரின்னிலேயே போட்டுவிட்டேன்.

துளசி ஆறு மாதத்தில் பட்டுப்போகிறது. கதிரைக் கிள்ளச் சொல்கிறீர்கள், பாவமில்லையா?

கதிரில் விதை முற்றினால் செடி தன் வேலை முடிந்தது என்று போய்விடும். கிள்ளி சாமிக்கு வையுங்கள் அன்ரி, பாவம் வராது.

கற்பூரவள்ளியும் ஓமவல்லியும் ஒன்றா?

இந்தத் துண்டை நான் பிரித்திருக்கக் கூடாது. “ஒன்றுதான்” என்றேன். மதுரையிலிருந்து கலியாணம் முடித்து இங்கே வந்த தங்கச்சி எழும்பி, தன் பாட்டி சொன்ன கற்பூரவள்ளி வேறு என்றார். ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா ஒருவர், “எங்கட ஊரில் ஓமவல்லி என்று ஒரு செடியே இல்லை” என்றார். ஹற்றன் பக்கத்து அக்கா இருவரையும் மறுத்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. சத்தம் கேட்டு மேலே வந்த காவலாளி இலையைக் கசக்கி மணந்துவிட்டு, “கப்பரவல்லிய” என்றார். சிங்களத்துக்கும் நம்முடைய பெயர்தான் போயிருக்கிறது என்று ஐயாவுக்கு ஒரே சந்தோஷம்.

விஷயம் இதுதான். நாம் சாடியில் வளர்க்கிற தடித்த, மயிர் படர்ந்த இலைச் செடி கோலியஸ் அம்போயினிகஸ். அதற்குத்தான் இரண்டு பெயரும். கசக்கினால் ஓமத்தின் வாசம் வருவது தைமோல், கார்வக்ரோல் என்ற எண்ணெய்ச் சத்துகளால். ஓமத்திலும் தைமோல் உண்டு. சாமிக்குக் கொளுத்துகிற கற்பூரத்தோடு இதற்கு ஒரு உறவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியபோது தங்கச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது: அனைசோகைலஸ் கார்னோசஸ் என்ற இன்னொரு செடியையும் தமிழில் கற்பூரவள்ளி என்றே சொல்கிறார்கள். பாட்டி சொன்னது அதுவாக இருக்கலாம். கூட்டத்தில் நான் குரலை உயர்த்திவிட்டேன், மன்னிக்க வேண்டும். கணக்காளர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் என் சாடிகளைப் பார்த்துவிட்டு எச்சரித்துப் போனார்கள். செடி வளர்ப்பது குற்றமா?

செடி வளர்ப்பது இல்லை, நுளம்பு வளர்ப்பது. தட்டில் நிற்கும் தண்ணீரில் முட்டையிலிருந்து நுளம்பு வர ஏழு முதல் பத்து நாள் போதும். 2017இல் நாடு முழுவதும் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு. அந்த வருடம் என் மாடியில் மூன்று வீடுகளில் காய்ச்சல். அதற்குப் பிறகுதான் நான் தட்டு வைப்பதை விட்டேன். நிலம் பழுதாகும் என்று பயமென்றால் தட்டில் மணல் நிரப்பி வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பழைய முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே தண்ணீரை ஊற்றிவிட்டால் போகாது.

குழுவில் சேர எவ்வளவு காசு?

காசில்லை. 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அப்போது காஸ் வரிசையில் நின்ற ஐந்து பேர் தொடங்கியது இது. ஒரு பதியம் கொண்டு வந்தால் ஒன்று கொண்டு போகலாம்.

ரம்பைக் கன்று யாரிடம் கிடைக்கும்?

என்னிடம் ஆறு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குச் சாடியோடு வாருங்கள். தட்டை வீட்டில் வைத்துவிட்டு.