பேக்ஸ்ட்ரோக் நீச்சல்ல கேரியர் உண்டா? களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கா?

மகளுக்கு 11 வயசு, குளத்துல மல்லாக்க நல்லா நீந்துது, இதுல எதிர்காலம் உண்டான்னு கேட்டிருக்கீங்க. உண்டு அக்கா, ஆனா குளம் மட்டும் போதாது. மல்லாந்து போகும்போது சுவர் கண்ணுல படாது, அதனால பூல்ல சுவருக்கு 5 மீட்டர் முன்னாடி குறுக்க கொடி கட்டியிருப்பாங்க, கொடி தலைக்கு மேல வந்ததும் கைய எத்தன தடவ வீசணும்னு எண்ணித்தான் திரும்பணும், இது தினமும் பண்ணாத்தான் உடம்புல ஏறும், குளத்துல கொடிக்கு எங்க போக? ஸ்டார்ட்டும் தண்ணிக்குள்ள இருந்துதான். அப்புறம் 15 மீட்டர் வரை முங்கியே டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேத்து மீன் வால் மாதிரி உதைக்கறது) போடலாம், என்னைக் கேட்டா பாதி ரேஸ் அங்கயே முடிஞ்சிரும்.

பெங்களூரு நீச்சல்காரர் ஸ்ரீஹரி நடராஜ் 2021ல ரோம்ல 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்க 53.77 செகண்ட்ல முடிச்சு டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஏ கட்ல (நேரடியா தகுதி தர்ற டைம்) போனார். அங்க 54.31, செமிஃபைனல் கூட கிடைக்கல. லெவல் அப்படி. அதே ரோம் மீட்லதான் நம்ம இடுக்கிக்காரர் சஜன் பிரகாஷும் பட்டர்ஃப்ளை நீச்சல்ல ஏ கட் எடுத்தார். மானா படேல் அதே டோக்கியோவுக்கு பேக்ஸ்ட்ரோக்ல போனது யூனிவர்சாலிட்டி கோட்டாலதான், அதாவது ஏ கட் எடுத்த ஆள் இல்லாத நாட்டுக்குக் குடுக்கற இடம்.

பிரைஸ் மணிய நம்பாதீங்க, ரயில்வே மாதிரி ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான் நிசமான சம்பளம். களியக்காவிளை கேரள எல்லைங்கறதால திருவனந்தபுரத்துல கோச்சிங் கிட்டத்துல கிடைக்கும், ஆனா தமிழ்நாட்டுக்கா கேரளாவுக்கா நீந்தப்போகுதுன்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்க. 2028 ஒலிம்பிக்ஸ்ல 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கும் வருது, ஸ்பீடு உள்ள பிள்ளைன்னா அதையும் பாருங்க.