குவாட்டாப்பே பாறைக்கும் ஏரிக்கும் ஒரு நாள்: தனி வழிகாட்டியை அமர்த்துவது தேவையா?

பணி நிமித்தம் கொலம்பியாவின் மெடலின் நகருக்குச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அறுபத்தேழு வயதுத் தாயாரும் பன்னிரண்டு வயது மகனும் உடன் வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. அன்று குவாட்டாப்பே பாறையையும் ஏரியையும் பார்க்க விரும்புகிறார்கள். மூவரும் சைவ உணவு உண்பவர்கள். ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. தனி வாகனமும் வழிகாட்டியும் அமர்த்துவதற்குப் பெரிதும் வேறுபட்ட விலைகளைச் சொல்கிறார்களே, அந்தச் செலவு தகுமா, யாரை நம்புவது, தாயாரால் மேலே ஏற முடியுமா, அன்று இரவே விமானம் பிடிக்கலாமா என்பன அவருடைய கேள்விகள்.

உங்கள் நிலையில் தனி வாகனமும் வழிகாட்டியும் தகுந்த செலவுதான் என்பது என் கருத்து. தனியாகப் பயணம் செய்யும் இளைஞர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு விடை சொல்லியிருப்பேன். மெடலின் மெட்ரோவின் கரீபே நிலையத்தை ஒட்டிய வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து குவாட்டாப்பேவுக்கு அடிக்கடி பேருந்துகள் புறப்படுகின்றன. சுமார் இரண்டு மணி நேரப் பயணம், கட்டணமும் குறைவு. ஆனால் பாறைக்குச் செல்வோரைப் பேருந்து நெடுஞ்சாலை ஓரத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து பாறையின் அடிவாரம் வரை செங்குத்தான ஏற்றம். நடந்தோ, மூன்று சக்கர வண்டி பிடித்தோ போக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் படிக்கட்டை அடைவதற்கு முன்பே களைத்துவிடுவார். தனி வாகனம் அடிவாரத்திலுள்ள வாகன நிறுத்தம் வரை செல்லும் என்பதே உங்கள் தாயாரைப் பொறுத்தவரை முதல் பயன். இரண்டாவது பயன் நேரத்தின் மீது உங்களுக்குக் கிடைக்கும் உரிமை. இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளாமல் தனி வாகனத்துக்குப் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குழுச் சுற்றுலாப் பேருந்துகள் நகரில் பல விடுதிகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, வழியில் காலை உணவுக்கு நிறுத்தி, முற்பகலில்தான் பாறையை அடைகின்றன. அதன் பிறகு படிக்கட்டில் வரிசையாகத்தான் ஏற முடியும்; முன்னால் செல்பவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும், பின்னால் வருபவர் அவசரப்பட்டால் நீங்களும் வேகமெடுக்க வேண்டும். நீங்கள் காலை ஆறு மணிக்கு விடுதியை விட்டுப் புறப்பட்டால் எட்டு, எட்டரை மணி வாக்கில், ஏறத் தொடங்கும் முதல் சிலருள் ஒருவராக இருக்கலாம். அந்த நேரத்தில் வெயில் தணிவாக இருக்கும். நின்று இளைப்பாறி உங்கள் போக்கில் ஏறலாம். பகல் முதிர முதிர மேகம் திரண்டு பிற்பகலில் மழை பெய்வது இந்த மலைப்பகுதியில் வழக்கம் என்பதால், மேலிருந்து தெளிவான காட்சி கிடைப்பதற்கும் காலையே ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையிலும் மழை மிகுதி. அந்த மாதங்களில் இந்த அறிவுரையை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். பாறை அன்று எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை முந்தைய நாளே வழிகாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கிழமை என்பதும் இதற்கு இணையாக முக்கியமானது. மெடலின் மக்களுக்கே குவாட்டாப்பே மிக விருப்பமான வார இறுதி ஊர். கொலம்பியாவில் 1983-ஆம் ஆண்டின் சட்டப்படி பல பொது விடுமுறைகள் அடுத்து வரும் திங்கட்கிழமைக்கு மாற்றப்படுகின்றன. ஆகவே சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் விடுமுறை அடிக்கடி வரும். அந்த மூன்றாம் நாள் மாலையில் நகருக்குத் திரும்பும் சாலையில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். உங்கள் ஓய்வு நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், விடுமுறை இல்லாத செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தாயாரின் முழங்கால். பாறை ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேல். உச்சியிலுள்ள கட்டடத்தின் தளங்களையும் சேர்த்து 700-க்கும் அதிகமான படிகள். மின்தூக்கி கிடையாது. பாறையை மேலிருந்து கீழாகப் பிளக்கும் நீண்ட வெடிப்புக்குள் இந்தப் படிக்கட்டை மாறி மாறித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். படிகளில் ஆங்காங்கே எண்கள் எழுதப்பட்டிருப்பதால் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். ஆரோக்கியமான ஒருவர் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை மறந்துவிடாதீர்கள். பாதி தூரம் ஏறிய உற்சாகத்தில் “இன்னும் கொஞ்சம்தானே” என்று தாயாரை ஊக்கப்படுத்த வேண்டாம். அவர் கீழேயே இருந்துவிட்டாலும் அந்த நாள் வீணாகிவிடாது. வாகன நிறுத்தத்தை ஒட்டிய மேடையே உயரமான இடம்தான். அங்கிருந்து ஏரியின் ஒரு பகுதியைப் பார்க்கலாம், உட்கார உணவகங்களும் உள்ளன. நீங்களும் மகனும் மேலே செல்லும் அந்த ஒன்றரை மணி நேரம் தாயாருடன் யார் இருப்பார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். மொழி தெரியாத இடத்தில் அவரைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் போவது சரியல்ல. வழிகாட்டி, ஓட்டுநர் என இருவர் வந்தால் இந்தச் சிக்கல் எழாது.

விலை வேறுபாட்டுக்கு விடையும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. குறைந்த விலை சொல்பவர்கள் பலரும் தருவது ஓட்டுநரை மட்டுமே. அவருக்குச் சிறிது ஆங்கிலம் தெரிந்திருந்தால் அவரையே வழிகாட்டி என்றும் சொல்லிவிடுகிறார்கள். கொலம்பியாவில் சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரிய அதற்குரிய தொழில்முறை அட்டை பெற்றிருக்க வேண்டும். சுற்றுலாச் சேவை வழங்கும் நிறுவனமானாலும் வழிகாட்டியானாலும் தேசியச் சுற்றுலாப் பதிவேட்டில் பதிந்து எண் பெற்றிருக்க வேண்டும். வணிகச் சங்கங்கள் நிர்வகிக்கும் இந்தப் பதிவேட்டை ஸ்பானிய மொழியில் சுருக்கமாக ‘எர்ரே எனே தே’ என்பார்கள். முன்பணம் செலுத்துவதற்கு முன் அந்த எண்ணைக் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் உடனே கொடுத்துவிடுவார். தயங்குபவரையோ பேச்சை மாற்றுபவரையோ விட்டுவிடுங்கள். வாகனத்தின் எண் பலகையையும் கவனியுங்கள். கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கு வெள்ளை நிறப் பலகை. சொந்த உபயோக வாகனங்களுக்கு மஞ்சள். மஞ்சள் பலகை வண்டியுடன் ஒருவர் வந்து நின்றால், வழியில் காவலர் நிறுத்தி விசாரிக்கும்போது உங்கள் நாள்தான் கெடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

விலையை ஒப்பிடுவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். சொல்லப்படும் தொகை ஆள் ஒன்றுக்கா, வாகனத்துக்கா? வழியிலுள்ள சுங்கக் கட்டணங்கள், பாறையின் நுழைவுக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், படகு, மதிய உணவு ஆகியவற்றில் எவை அடங்கும், எவை அடங்கா? எத்தனை மணி நேரத்துக்கு, அதைத் தாண்டினால் கூடுதலாக எவ்வளவு? மழை பெய்து படகு போக முடியாவிட்டால் அதற்கான பணம் திரும்பக் கிடைக்குமா? இவற்றுக்கான விடைகளைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்டுப் பார்த்தால் மலிவாகத் தோன்றியது பல வேளைகளில் மலிவாக இராது. முழுத் தொகையையும் முன்னரே கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியைக் கொடுத்து, எஞ்சியதைப் பயணம் முடிந்த பின் கொடுப்பதாகப் பேசுங்கள். சிறு கடைகளிலும் படகுத் துறையிலும் கொலம்பிய பேசோ ரொக்கமே எளிது என்பதால், சில்லறையாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள்.

நல்ல வழிகாட்டி எதற்கு என்று கேட்டால், பாறை உச்சியில் நின்று பார்க்கும்போது அதற்கு விடை கிடைக்கும். கீழே நூற்றுக்கணக்கான பச்சைத் தீவுகளும் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் நீரும் தெரியும். இது இயற்கையாக உருவான ஏரி அன்று. நாரே ஆற்றை மறித்து, மெடலின் நகரின் பொதுச் சேவை நிறுவனமான ஈ.பி.எம். 1970-களில் அமைத்த நீர்மின் தேக்கம். நீர் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின. மூழ்காமல் எஞ்சிய குன்றுகளின் தலைகளையே இன்று தீவுகளாகப் பார்க்கிறோம். அந்தப் பள்ளத்தாக்கில் எல் பென்யோல் என்ற ஊர் இருந்தது. 1978-இல் அது முழுவதும் நீருக்குள் போனது; மக்கள் புதிதாகக் கட்டப்பட்ட ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். தங்கள் வீடும் கோயிலும் கல்லறைத் தோட்டமும் நீருக்கடியில் போனதைக் கண்ணால் கண்டவர்கள் அப்பகுதியில் இன்னும் வாழ்கிறார்கள். பழைய ஊர் இருந்த இடத்தைக் குறிக்க நீருக்கு மேல் ஒரு சிலுவை நிற்கிறது. படகு அந்தப் பக்கமாகச் செல்லும்போது இந்த வரலாறு தெரியாமல் வெறுமனே படம் எடுத்துக்கொண்டு திரும்புவது பெரிய இழப்பு. அதனால் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, பழைய எல் பென்யோலைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்தே அவர் தரம் புரிந்துவிடும்.

உங்கள் மகனுக்குப் பாறையே கதை சொல்லும். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்ல இறுகி உருவான கருங்கல் திரளின் ஒரு பகுதி அது. வெடிப்புகள் மிகுந்த சுற்றுப்புறக் கல் மழையிலும் வெப்பத்திலும் சிதைந்து மண்ணாகிவிட, வெடிப்புக் குறைந்த இந்தத் துண்டு மட்டும் நின்றுவிட்டது. 1954 ஜூலையில் லூயிஸ் எடுவார்டோ வில்யேகாஸ் என்பவரும் நண்பர்கள் இருவரும் அந்த ஒற்றைப் பிளவில் மரத்துண்டுகளைச் செருகிச் செருகி, ஐந்து நாட்களில் உச்சியை அடைந்தார்கள். இன்றைய படிக்கட்டும் அதே பிளவில்தான் செல்கிறது. பாறையின் ஒரு முகத்தில் வெள்ளை நிறத்தில் பிரம்மாண்டமான எழுத்துகள் அரைகுறையாக நிற்பதையும் மகன் கவனிப்பான். பாறை தங்களுடையது என்று குவாட்டாப்பே மக்கள் தங்கள் ஊர்ப் பெயரை எழுதத் தொடங்க, தங்களுடையது என்று எல் பென்யோல் மக்கள் தடுத்ததில், முதல் எழுத்தும் இரண்டாவதன் ஒரு கோடும் மட்டும் எஞ்சின.

படகைப் பொறுத்தவரை, பெரிய கூட்டுப் படகுகளில் இசை உரக்க ஒலிக்கும். தாயாருக்கு அது ஒத்துவராது. சிறிய படகு ஒன்றை உங்களுக்கென மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்வது நல்லது. ஏறுவதற்கு முன்பே விலையையும் வழியையும் முடிவு செய்யுங்கள், மூவரும் உயிர்காப்பு அங்கி அணியுங்கள். போதைப்பொருள் கடத்தல் தலைவனான பாப்லோ எஸ்கோபாரின் இடிந்த பண்ணை வீட்டைக் காட்டுவதைச் சிலர் சிறப்பு அம்சமாக விற்கிறார்கள். 1993-இல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட அந்த வீட்டைத் தவிர்த்துவிடுங்கள் என்றே சொல்வேன். அவனால் குடும்பத்தினரை இழந்தவர்கள் நிறைந்த மாநிலம் அது. உங்களிடம் உள்ள நேரமும் குறைவு.

மதிய வேளையை குவாட்டாப்பே ஊருக்குள் கழியுங்கள். வீடுகளின் வெளிச்சுவர்களில், இடுப்பளவு உயரம் வரை, பூக்களும் விலங்குகளும் அந்த வீட்டாரின் தொழிலும் புடைப்போவியங்களாக வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். தெருக்கள் பெரும்பாலும் நடக்க எளியவை. ஒரு மணி நேரம் போதும். உணவு விஷயத்தில் சற்று எச்சரிக்கை வேண்டும். அங்கே சைவம் என்று சொன்னால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மட்டும் கூடாது என்று புரிந்துகொண்டு கோழியோ ஏரி மீனோ வைத்துவிடுவது உண்டு. பீன்ஸ் குழம்பு பார்ப்பதற்குச் சைவமாகத் தெரியும். ஆனால் பன்றியிறைச்சி சேர்த்து வேகவைப்பதே அந்த வட்டாரப் பழக்கம். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’, அதாவது இறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம் என்று வழிகாட்டியை விட்டுச் சமையலறையிலேயே சொல்லச் சொல்லுங்கள். சோறு, வெண்ணெய்ப்பழம், சோள ரொட்டியான அரேபா, வாழைக்காயைத் தட்டிப் பொரிக்கும் பத்தகோன் ஆகியவை எளிதில் கிடைக்கும். பொரிக்கும் எண்ணெய் தாவர எண்ணெய்தானா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக விமானம். மெடலினின் பன்னாட்டு விமான நிலையம் நகருக்குள் இல்லை; கிழக்கே ரியோநெக்ரோவில், குவாட்டாப்பேவின் பக்கமாகவே இருக்கிறது. எனவே காலையிலேயே அறையைக் காலி செய்து, பெட்டிகளை வாகனத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் நகருக்குத் திரும்பாமல் நேரே விமான நிலையம் செல்லலாம். பெட்டிகள் இருப்பதை முன்பே சொல்லி, அதற்கேற்ற வாகனத்தைக் கேளுங்கள்; நீங்கள் பாறையில் இருக்கும்போது ஓட்டுநர் வாகனத்தை விட்டு அகலாமல் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். கடவுச்சீட்டும் பணமும் மருந்துகளும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். குவாட்டாப்பேவிலிருந்து அங்கே செல்ல ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, மழைக்கும் நெரிசலுக்கும் மேலும் அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால், இரவு ஒன்பது மணி விமானத்துக்கு மாலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிட வேண்டும். விடுமுறை நாளாக இருந்தால் இந்தக் கணக்கை நம்பி அன்றிரவு விமானத்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள், மறுநாளுக்கு எடுங்கள்.