புதன்கிழமைத் தும்மல்

கேள்வி: திமிங்கிலங்கள் புதன்கிழமைகளில் மட்டுமே தும்மும் என்று விளையாட்டாக ஓர் 'அரிய தகவலை' எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து, 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்ற பட்டத்தோடு அது எனக்கே திரும்பி வந்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: வாழ்த்துகள், நீங்கள் பெற்ற பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது. உங்கள் வெற்றியின் சூட்சுமம் அந்தப் புதன்கிழமையில்தான் இருக்கிறது. 'எப்போதாவது தும்மும்' என்று எழுதியிருந்தால் எவரும் சீந்தியிருக்க மாட்டார்கள். கிழமையைச் சொன்னதும், யாரோ நாட்காட்டியும் கையுமாகக் கடலோரத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்திருக்க வேண்டும் என்று படிப்பவர் மனம் தானே முடிவு செய்துகொள்கிறது.

இந்த வித்தையில் உங்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பொது அறிவுத் துணுக்குகளைப் புத்தகமாகத் தொகுத்த அமெரிக்கரான ஃபிரெட் வொர்த், தம் உழைப்பை யாரேனும் திருடினால் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும் என்பதற்காக, உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யை நட்டுவைத்தார். கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் 'ஃபிலிப்' என்பதே அந்தப் பொய். பிறகு 'டிரிவியல் பர்சூட்' என்ற வினாடி வினா விளையாட்டில் அதே ஃபிலிப் விடையாக வந்து நிற்கவே, 1984-இல் அவர் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பினர் கொஞ்சமும் பதறாமல், பல நூல்களைப் பார்த்ததைப் போலவே அவருடைய நூலையும் பார்த்ததாக ஒப்புக்கொண்டார்கள். தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் வழக்கு தள்ளுபடியானது. கதை என்று சொல்லி எழுதியிருந்தால் ஃபிலிப் அவருக்கே சொந்தமாகியிருப்பாரோ என்னவோ! ஆகவே தும்மலுக்காக நீதிமன்றப் படியேற வேண்டாம். மறுப்பு எழுதிப் பார்க்கலாம். ஆனால் திமிங்கிலத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள்.

கேள்வி: அதற்குத்தான் நான் கலைக்களஞ்சியத்தை மட்டுமே நம்புகிறேன். சரிதானே?

பதில்: பெரும்பாலும் சரி. ஆனால் 1975-இல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வெர்ஜீனியா மவுன்ட்வீசல் என்ற பெண்மணியைச் சந்தித்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நீரூற்றுகளை வடிவமைத்துவிட்டு, பின்னர் கிராமத்துத் தபால் பெட்டிகளைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அவர், எரியும் பொருள்களைப் பற்றிய பத்திரிகை ஒன்றுக்காகப் பணிபுரிகையில் வெடிவிபத்தில் மாண்டதாகக் குறிப்பு சொல்கிறது. அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. இன்று இத்தகைய போலிப் பதிவுகளுக்கே ஆங்கிலத்தில் 'மவுன்ட்வீசல்' என்றுதான் பெயர். பிறக்காமலே அகராதிக்குள் நுழைந்த பாக்கியசாலி.

கேள்வி: கல்லைத் தின்னும் பேன் உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு, ஜெர்மன் மருத்துவ அகராதியான ஷிரெம்பெலில் மட்டும். லோரியோ என்ற நகைச்சுவைக் கலைஞர் 1976-இல் தொலைக்காட்சியில் விலங்கியல் பேராசிரியர் வேடத்தில் வந்து அறிமுகப்படுத்திய பூச்சி அது. நாளொன்றுக்கு 28 கிலோ காங்கிரீட்டும் செங்கல்லும் அதற்கு ஆகாரம். 1983-இல் அகராதிக்காரர்கள் அதைச் சேர்த்தார்கள்; பின்வந்த பதிப்பில் நீக்கியபோது வாசகர்கள் கொதித்தெழவே, 1997-இல் மீண்டும் சேர்த்ததோடு, பெர்லின் சுவர் விழுந்ததில் அதற்கிருந்த பங்கையும் எழுதிவைத்தார்கள். தவற்றைத் திருத்தியதற்காக ஓர் அகராதி வாசகர்களிடம் திட்டு வாங்கியதை நான் வெகுவாக ரசிக்கிறேன்.

கேள்வி: கனசதுரமாகச் சாணமிடும் ஒரு விலங்கைக் கற்பனை செய்து வைத்திருக்கிறேன். வெளியிடுவீர்களா?

பதில்: இயலாது. ஆஸ்திரேலியாவின் வொம்பாட் உங்களை முந்திக்கொண்டது. அதன் குடலின் கடைசிப் பகுதியில் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருப்பதால், உலர்ந்துவரும் கழிவு சீராக அமுக்கப்படாமல் மூலைகளோடு வெளிவருகிறது. இதை ஆராய்ந்தவர்களுக்கு 2019-இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு, கிடைத்தது. வேறு விலங்கோடு வாருங்கள்.